குடல் சிவக்கும் வரை

குடலின் முறுக்கைப் பிரித்துவிட்டாள் பாண்டிசெல்வி. அதன் நிறம் மட்டும் மாறவில்லை.

மாந்தோப்பில் விரித்த தார்ப்பாயின் மேல் மல்லாந்து கிடந்தது குதிரை பிஜிலி. கால்களைக் கிளைகளில் கட்டி, இரு பக்கமும் வைக்கோல் கட்டுகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள். திறந்த வயிற்றிலிருந்து வெளியே எடுத்த பெருங்குடல், ஈரத் துணியின் மேல் கத்தரிக்காய் நிறத்தில் கிடந்தது.

வலியில் புரண்ட குதிரையை மம்சாபுரத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியேற்ற நேரமிருக்கவில்லை.

அப்துல் ரவூப் வெதுவெதுப்பான உப்புநீரைக் குடலின் மேல் ஊற்றிக்கொண்டே இருந்தார். ஊர்வலத்துக்குப் போகும் குதிரை. அவர் வீட்டு அடுப்பு அதை நம்பித்தான் எரிந்தது.

தலைமாட்டில் குந்தியிருந்து மயக்க மருந்தைக் கவனித்துக்கொண்டிருந்தான் டாக்டர் சேதுபதி. சலவைச் சட்டையை முழங்கை வரை மடித்திருந்தான். பாண்டிசெல்வியின் ஏப்ரனுக்கு அடியிலும் நல்ல சேலைதான்.

"கல்யாண வீட்டுல இருந்து நேரா வந்துட்டீயளோ?" என்றார் ரவூப். பயத்தில் எதையாவது பேசியாக வேண்டும் அவருக்கு.

பாண்டிசெல்வியின் கைப்பையில் போன் அதிர்ந்து ஓய்ந்தது.

அவளுக்கு முதுகு கழன்றுவிடும் போலிருந்தது. இன்றைய களைப்பு மட்டுமில்லை. இரண்டு வருடமாகச் சேர்ந்த களைப்பு.

"இனித் தேறாது. மயக்கத்துலேயே போயிரட்டும்."

ரவூப்பின் கையிலிருந்த செம்பு அந்தரத்தில் நின்றது.

"செத்த நேரம் பாப்போம்" என்றான் சேதுபதி. "மயக்கம் தாங்கும்."

"பாத்தாச்சு டாக்டர்."

"இன்னும் கொஞ்சம் பாரு, செல்வி."

அவன் வாயால் அந்தப் பெயரைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அவள் துணியை மறுபடி நனைத்துப் போர்த்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

துணியை விலக்கியபோது, ஓர் ஓரத்தில் மெல்லச் சிவந்திருந்தது. விரலால் சுண்டினாள். குடல் சோம்பலாக நெளிந்தது.

ரவூப் வாய்விட்டு அழுதார்.

அதன்பின் குடலை உள்ளே வைத்துத் தைத்து முடிக்கவும், பிஜிலி தள்ளாடி எழுந்து நிற்கவும் வெயில் சாய்ந்துவிட்டது.

"பொழச்சிருச்சா டாக்டரம்மா?"

"லத்தி போடட்டும், பொறவு சொல்றேன். குடல் வேலை செய்யுதுன்னு அப்பத்தான் நிச்சயம். நாளைக்கும் ஆகலாம், மறுநாளும் ஆகலாம்."

"போடட்டும்மா, தெரு பூரா முட்டாயி குடுக்கேன்."

போன் மறுபடி அதிர்ந்தது. ரத்தக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டிலிருந்து வக்கீல் வெங்கடேஸ்வரி. குரல் தோப்புக்கே கேட்டது.

"எங்கம்மா போனீங்க? காலையில ரெண்டு பேரும் வாசல்லதான நின்னீங்க! ஜட்ஜ் உங்க பேரை ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு. கடைசி வாக்குமூலம், அதோட விவாகரத்து முடிஞ்சிருக்கும். கோர்ட் கலையறதுக்குள்ள வந்துருவீங்களா?"

பிஜிலியின் முகக்கயிற்றை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான் சேதுபதி. அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"லத்தி போடுற வரைக்கும் நகர முடியாதுன்னு சொல்லிரு."

அவள் அப்படியே சொன்னாள்.

"ரெண்டு பேருமா?" என்றாள் வக்கீல்.

பிஜிலியின் வால் அசைந்தது. ஈ ஓட்டத்தான்.

"ஆமா" என்றாள் பாண்டிசெல்வி. "ரெண்டு பேரும்தான்."