நாலாவது ஸ்க்ரூ

"ஊர் உலகமே கடையில வாங்குது. நீங்க மட்டும் ஏன் பழைய தகரத்தைக் கட்டிட்டு அழறீங்க?"

இடுப்பில் குழந்தையோடு நின்று மனைவி கேட்டாள். போன் மெக்கானிக் தலையை நிமிர்த்தவில்லை.

முன்னறை மேசையில் ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் பழைய கம்ப்யூட்டர் ஃபேன், ஹீட்டர் காயில், வெளியே ஒரு குழாய். சுடச்சுடக் காற்றை ஊதி போர்டிலிருந்து சிப்பைக் கழற்றுகிற ப்ளோயர். பத்து நாளாகக் கட்டுகிறான்.

"காசைக் கொடுத்தா யார் வேணா வாங்கலாம். கட்டத் தெரிஞ்சவன்தான் மெக்கானிக்."

"வெடிச்சா?"

"வாயைக் கழுவு."

"பாத்திரம் கழுவவே நேரமில்ல" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம்தான் ஒரு போர்டைக் கருக்கியிருந்தான். ரிப்பேருக்குக் கொடுத்த போனை வாங்கச் சாயங்காலம் டாக்சிக்காரர் வருவார். அவருக்குச் சவாரியெல்லாம் அந்தப் போனில்தான். இதுவும் கருகினால் இந்தத் தெருவில் ஒருத்தரும் அவன் வாசலை மிதிக்கமாட்டார்கள்.

பெட்டியை மூடினான். மூன்று ஸ்க்ரூதான் கிடைத்தது, நாலாவது எங்கோ உருண்டுவிட்டது. பற்றவைக்கிற ஈயமும் தீர்ந்திருந்தது. கடைக்கு ஓடி வாங்கி வந்தான்.

வந்து பார்த்தால், பெட்டியில் நாலு ஸ்க்ரூ.

சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினான்.

"இதைத் தொட்டியா?"

"பாப்பா அந்த ஸ்க்ரூவை வாயில போடப் பார்த்தா. பிடுங்கி மாட்டினேன்."

"உள்ளே திறந்தியா?"

"அதுக்குள்ள என்ன, பொன்னும் மணியுமா கொட்டிக் கிடக்கு?"

மற்ற மூன்றும்கூட முன்னைவிட இறுக்கமாக இருந்தன. கடையில் வாங்க வைக்கவேண்டும் என்றே எதையாவது பிடுங்கிவிட்டாளோ? திறந்து பார்த்துவிடலாம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.

"என்ன தம்பி, போன் ரெடியா?"

டாக்சிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் எதிரில் திறந்தால் மானம் போகும்.

மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டான். ஃபேன் உறுமியது. குழாயில் சூடு ஏறியது.

"ஏதோ கருகுற வாசனை வருதே?"

"புதுக் காயில்ணே. மொதல்ல அப்படித்தான் வரும்" என்றான். வேர்வை மூக்கு நுனியில் தொங்கியது.

பழைய சிப் மெதுவாக நழுவியது. புதுசை வைத்து ஊதினான். போர்டை ஆறவிட்டு, போனைத் திரும்ப மாட்டி, சார்ஜரைச் செருகினான்.

திரை மினுக்கென்று விழித்தது.

"பொழைச்சேன்" என்றார் டாக்சிக்காரர். "மெஷின் எங்க வாங்கினீங்க?"

"வாங்கறதா? நானே கட்டினது. உள்ளே பாருங்க."

சூடு தணியும்வரை ஃபேனை ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றினான்.

குனிந்து பார்த்தான்.

ஒரு பச்சை ஒயர். பிளக்கிலிருந்து வந்து இரும்புப் பெட்டியோடு முடுக்கப்பட்டிருந்தது. எர்த் ஒயர். பத்து நாளில் அவன் கொடுக்கவே மறந்தது. அது இல்லாமல், உள்ளே ஓர் ஒயர் சூட்டில் உருகிப் பெட்டியைத் தொட்டிருந்தால் போதும், பெட்டியைத் தொட்டவன் கதை முடிந்திருக்கும்.

முடுக்கின இடத்தில் பிசிறில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஃபேன் கம்பெனியில் அவள் நாள் முழுக்கச் செய்த வேலை இதுதான்.

"தனி ஆளாவா இத்தனையும் கட்டினீங்க?"

அவன் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஆமாண்ணே, எல்லாம் அவர் ஒருத்தரே. எனக்கு ஸ்விட்சைத் தொடவே பயம்."