பாலைவனத்துக்கு ஏழு கல்

"பாலைவனத்துக்கு யாராவது கல்லு ஏத்திட்டுப் போவாங்களா?"

ஃபானி துரை கேட்டது பெட்ரோல் பங்கில் நின்ற எல்லார் காதிலும் விழுந்தது. வெள்ளைக்கார மனுஷனுக்கு அப்படி ஒரு தொண்டை. சன்னாக்காவின் பழைய பிக்கப் வண்டிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஆட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே இருந்தது ஒரு தண்ணீர்க் கேன், ஒரு கம்பளி, தலையளவு வெள்ளைக் கற்கள் ஏழு. சன்னாக்கா வருஷா வருஷம் ஆகஸ்டில் இப்படித்தான் வருவார். ஏன் என்று எங்கள் பங்கில் யாரும் கேட்டதில்லை. கேட்கிற மாதிரியும் அவர் முகம் இருக்காது.

துரையின் வண்டி வேறு ஜாதி. கூரை மேல் கூடாரம், உள்ளே இரண்டு ஃபிரிட்ஜ், இரண்டு ஸ்டெப்னி டயர், சாட்டிலைட் போன். பிரிட்டோரியாவிலிருந்து கிளம்பும்போதே எந்த நாள் எங்கே தங்கல், எந்த வேளை என்ன தீனி என்று எழுதி, நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். சிங்கம் எத்தனை மணிக்கு வரணும் என்றுகூட அதில் இருந்திருக்கும்.

கலஹாரிப் பாலைவனத்து வனவிலங்குப் பூங்காவுக்குள் சொந்தமாக வண்டி ஓட்டிப் போவது எப்படி என்று அரை மணி நேரம் பாடம் நடந்தது. மணலில் இறங்குமுன் டயரில் காற்றைக் குறைக்க வேண்டுமாம். வண்டியில் ஒவ்வொரு கிலோவும் கணக்காம். சன்னாக்கா தலையை ஆட்டிக்கொண்டே டீசல் மூடியைத் திருகினார். அவர் யார், பூங்கா வருமுன் அந்த மணலிலேயே குடியிருந்த சனமா என்று கேட்க மட்டும் துரைக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் அக்கா கையில் இருந்த முன்பதிவுச் சீட்டை அவர் பார்த்தார். நாளை ராத்திரி, பூங்காவுக்குள் கூடாரம் போடும் மூன்றாம் நம்பர் இடம்.

துரைக்கு முகம் மாறிவிட்டது. மூன்றாம் நம்பர் அவர் இடம். அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். பன்னிரண்டு வருஷமாக ஜூனில் வந்து அங்கேதான் தங்குவார். இந்த வருஷம் மகள் கல்யாணத்தால் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. பதிவு செய்யப் பார்த்தால் நாளை ராத்திரிக்கு அந்த இடத்தை யாரோ முன்னாலேயே எடுத்திருந்தார்கள். இவருக்குக் கிடைத்தது ஒதுங்கப் புதர்கூட இல்லாத ஐந்தாம் நம்பர். அந்த 'யாரோ' இப்படி ஓட்டை வண்டியோடு எதிரே நிற்பார் என்று அவர் நினைக்கவில்லை.

இடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றார் துரை. அக்கா முடியாது என்றார். என் செலவில் டீசல் நிரப்பித் தருகிறேன் என்றார் துரை. வேண்டாம் என்றார் அக்கா. வேலி கிடையாது, ராத்திரி சிங்கம் கூடாரத்தை மோந்து பார்க்கும் என்று துரை பயமுறுத்திப் பார்த்தார். தெரியும் என்றார் அக்கா.

"திட்டம்னு ஏதாவது இருக்கா உனக்கு?"

"நாளைக்கு ராத்திரி நான் அங்க இருக்கணும். அவ்வளவுதாங்கையா திட்டம்."

வண்டிக்குள்ளிருந்து துரையின் மனைவி, ஒரு ராத்திரிதானே, விட்டுவிடுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். நீ ரஸ்க் டப்பாவைப் பார்த்துக்கொள் என்று அந்த அம்மாவின் வாயை அடைத்துவிட்டுத் துரை இந்தப் பக்கம் திரும்பினார்.

"அந்த இடத்தோட அருமை உனக்கு என்ன தெரியும்? சும்மா போய்ப் படுத்துட்டு வர்றதுக்கா அது? அங்க ஒரு பெரிய முள்மரம் இருக்கு. அதுக்கடியில கல்லு குவிச்சு வெச்சிருக்கும். சுத்துவட்டாரத்துல வேற எங்கயும் கல்லே கிடையாது, அங்க மட்டும்தான் உண்டு. நான் அதைப் பிரிச்சு வட்டமா அடுக்கி, நடுவுல தீ மூட்டி, மேல கம்பி வலையைப் போட்டு ஆட்டுத்தொடை சுடுவேன். அந்த ருசி ஜென்மத்துக்கும் மறக்காது."

டீசல் மூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"கல்லு சூட்டுல வெடிச்சிடாதா?" என்று கேட்டார்.

"வெடிக்கத்தான் செய்யும். நாலஞ்சு போயிடும், தூக்கி எறிஞ்சிடுவேன். அதுக்கென்ன? அடுத்த வருஷம் போனா புதுசா கல்லு சேர்த்து, பழையபடி குவிச்சு வெச்சிருப்பாங்க. ஒரு தடவைகூடத் தவறினதில்ல. பூங்காக்காரங்களுக்கு என்னைப் பத்தித் தெரியும். மரியாதை தெரிஞ்ச ஆளுங்க."

அக்கா குனிந்து மூடியை இறுக்கினார். தோற்றுப்போய்த் தலைகுனிந்ததாகத் துரைக்குப் பட்டிருக்க வேண்டும். பெரிய மனசு பண்ணிச் சிரித்தார்.

"சரி, ஒரு ராத்திரி இருந்துட்டுப் போ. ஆனா இந்தக் கல்லையெல்லாம் இங்கயே இறக்கிடு. அடுப்புக் கல்லுக்கு அங்க பஞ்சமே இல்ல." சொன்னதோடு நிற்காமல் வண்டிக்குள் கைவிட்டு ஒரு கல்லைத் தூக்கியும்விட்டார்.

சன்னாக்கா பக்கத்தில் வந்தார். அந்தக் கல்லை இரண்டு கையாலும் வாங்கி, பாவாடையில் துடைத்து, கம்பளி மேல் வைத்தார். பிறகு துரையை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"பன்னெண்டு வருஷமா எங்கம்மா சமாதியைப் பிரிச்சுப் போடுறவன் நீதானா?"