கழுவிய மூங்கில்

மூன்று மாடிக்குச் சாரம் கட்டப் பெயிண்டரின் மச்சான் கொண்டுவந்த மூங்கில்கள் காலை வெயிலில் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. பெயிண்டர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறார். ஒன்றில் கடுகு சிதறியதுபோல் கரும்புள்ளிகள், இன்னொன்றில் விரலில் ஒட்டும் ஆரஞ்சுப் பொடி, அடுத்ததன் கணுவில் பூனைக்காது அளவுக்கு ஒரு காளான். ஒரே கட்டுக்குள் இத்தனை ரகப் பூஞ்சணம். கண்ணுக்குத் தெரிவதை ஒதுக்கிவிடலாம். கடைசி மூங்கில் மட்டும் பளிச்சென்று ஈரமாக இருக்கிறது. குனிந்து முகர்கிறார், மக்கிய காளான் வாடை. "இதை மட்டும் ஏன் குளிப்பாட்டினே, மச்சான்?" "சேறு ஒட்டியிருந்துச்சு மாமா. இரும்பு மாதிரி நிக்கும்." "அப்போ நீயே முதல்ல ஏறு." மச்சான் சிரிக்கிறான், கால் நகரவில்லை. பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்த அவன் அக்காவின், பெயிண்டர் மனைவியின், கை நின்றுவிடுகிறது. தம்பியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏறேன்டா," என்கிறாள்.