தாராவுக்கு எண்ணெய் முழுக்கு

ரொம்மன் ஓடையில் எண்ணெய் அப்பிப் பறக்க முடியாமல் கிடந்த காட்டுத் தாரா வாத்தை நகுலேந்திரன் வீட்டுக்குத் தூக்கிவந்து, குளியல் தொட்டியில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

“உந்த ஓடைக்கரைக் கார்க் கராஜ்காரர்தான் ஊத்தியிருப்பினம். பாவம், வாயில்லாச் சீவன்! நான் விடமாட்டன். பேப்பருக்கு ரெலிபோன் அடிச்சுச் சொல்லிப்போட்டன், ஆள் வருது.”

“பேப்பருக்கோ?” பக்கத்தில் சவர்க்காரத்தோடு நின்ற மனைவி சுகிர்தா கேட்டாள்.

“ஓம், படத்தோடை வரட்டும். ஊத்தினவன் இனி வெளியிலை தலைகாட்டக் கூடாது.”

இறகைக் கோதிய அவரது விரல்கள் நின்றன. இறக்கைக்கு அடியில் ஒரு கறிவேப்பிலை ஒட்டியிருந்தது. எடுத்து மோந்து பார்த்தார். வடை வாசம்.

“சுகிர்தா, நேற்றுக் கோயிலுக்கு வடை சுட்ட எண்ணெயை என்ன செய்தனீர்?”

“உங்களிட்டைத்தானே தந்தனான், எங்கையாவது கொண்டுபோய் ஊத்துங்கோ எண்டு.”

ஊற்றிய இடம் அவருக்கு நினைவு வந்தது. கீழ்முற்றத்தில் மழைநீர் வடியும் கான். அது போய் விழுவது ஓடையில்தான்.

வாசல் மணி அடித்தது.

கறியில் வந்தால் எப்போதும் தட்டோரம் ஒதுக்கிவைக்கிற கறிவேப்பிலையை நகுலேந்திரன் வாயில் போட்டு, நன்றாக மென்று விழுங்கிவிட்டு, கதவைத் திறக்கப் போனார்.