டிரைவருக்கு என்ன நிறம்

திரையில் ஒரு பேருந்து கவிழ்ந்து கிடக்கிறது. ஜன்னல்களைச் சாத்தியிருப்பதால் பயிற்சி அறையில் அந்த வெளிச்சம் மட்டும்தான். நர்ஸின் வெள்ளைக் கோட்டில் அது நீலமாகப் படிகிறது. ஆஸ்பத்திரி ஆட்களையே அடிபட்டவர்களாகப் படுக்க வைத்து எடுத்த வீடியோ. ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தைத் தொட வேண்டும்: உடனே பார்க்க வேண்டியவருக்குச் சிவப்பு, காத்திருக்கக் கூடியவருக்கு மஞ்சள், இனி ஒன்றும் செய்வதற்கில்லாதவருக்குக் கறுப்பு. தொண்டை கிழியக் கத்துகிற கேன்டீன்காரருக்கு மஞ்சள் கொடுத்துவிட்டாள். கத்துவதற்கு மூச்சு இருக்கிறதே. அடுத்து, சக்கரத்தோரம் மல்லாந்து கிடப்பவர் ஆம்புலன்ஸ் டிரைவர், அவள் வீட்டுக்காரர். அவள் தேய்த்துக் கொடுத்த சட்டையில் பொத்தான் வரை சிவப்புச் சாயம். திரையில் ஒரு கை வந்து, மூச்சுக்கு வழிவிட, அவர் தாடையை நிமிர்த்துகிறது. வயிறு அசையவில்லை. இன்னும் உற்றுப் பார்க்கிறாள், அசையவே இல்லை. குறட்டையில் கூரையைப் பெயர்க்கிற மனிதர். அவருக்குப் பின்னால், வாயே திறக்காமல் கிடக்கும் ஒரு பெண் வெளிறிக்கொண்டே போகிறாள்.

"நடிப்புதாம்மா," என்கிறார் பயிற்சியாளர். "ஆனா அந்தப் பொண்ணு காத்துக்கிட்டிருக்கா."

விரல் கறுப்பைத் தொடுகிறது. கையோடு அந்தப் பெண்ணுக்குச் சிவப்பு. இரண்டும் சரி என்று திரை பச்சையாக மின்னுகிறது. வராந்தாவுக்கு வந்து, விரலைக் கோட்டில் துடைத்துக்கொண்டே அவருக்குப் போன் போடுகிறாள்.

"வீடியோ பாத்தியா? மூச்ச அடக்கி எப்படிக் கிடந்தேன்?"

"எங்க அடக்குனீங்க," என்கிறாள். "வயிறு நல்லா ஏறி எறங்குச்சு. சாப்டீங்களா?"