முன்னால போங்கோ, நானா

“நான் சொன்னதாக மட்டும் அவருக்குத் தெரியக் கூடாது, அங்கிள்” என்றாள் உஷாந்தி, குரலைத் தாழ்த்தி.

பூங்காவின் வாயிலருகே நின்றிருந்த தாடிக்காரரைச் சிவானந்தன் பார்த்தார். வெள்ளைத் தொப்பி, காலில் புத்தம் புதிய சப்பாத்து. தவறான கல்யாண வீட்டிற்குள் நுழைந்துவிட்டவரைப் போல் அவர் நாலாபுறமும் விழித்துக்கொண்டிருந்தார்.

“பெயர் ஹமீட். இருக்கிறது மாளிகாவத்தையில. என்னோட வேலை செய்யிற ஷஸ்னாவின்ர வாப்பா. மனுசி மௌத்தாகி அடக்கம் செய்த நாளிலயிருந்து பள்ளிவாசலுக்குப் போறதைத் தவிர வீட்டை விட்டு வெளிக்கிடுறதில்லை. இண்டைக்குப் பாதியில திரும்பிப் போனாரெண்டா இனி ஒருநாளும் வரமாட்டார். நீங்கள்தான் அவரைக் கடைசிமட்டும் கொண்டுவந்து சேர்க்கவேணும்.”

சிவானந்தன் மறுக்கவில்லை. உஷாந்தி, வெள்ளவத்தையில் அவர் வசிக்கும் மாடிக் கட்டடத்தின் மேல்தளத்துப் பெண். சனிக்கிழமைதோறும் இந்த இலவச ஓட்டத்தை நடத்துபவள். வீட்டிலோ, மனைவி பத்மாவதி அவரை ஒரு தேங்காயைக்கூடத் தூக்க விடுவதில்லை. தம்மை நம்பி ஒரு பொறுப்பை ஒருவர் ஒப்படைத்து எவ்வளவு காலமாயிற்று என்று எண்ணியபோது அவருக்குக் கோபமே வந்தது.

விசில் ஊதப்பட்டது. இளைஞர்கள் அம்பெனப் பறந்தனர். ஹமீட்டும் சிவானந்தனும் எல்லோருக்கும் பின்னால் நடந்தனர்.

“மெதுவா நடப்பம், நானா. எங்களுக்கு என்ன அவசரம்?” என்றார் சிவானந்தன், முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் முறையில்.

“யாரு நானா? ஒங்கட தலயப் பார்த்தா நான்தான் ஒங்களுக்குத் தம்பி.”

“உங்கட தாடியைப் பார்த்தால் அப்பிடித் தெரியேல்லையே.”

“இது வயசால வெளுத்த தாடி இல்ல, அண்ணன். புறக்கோட்டப் புடவக் கடயில முப்பது வருசம் சாறிய விரிச்சுக் காட்டிக் காட்டியே மடிச்சு வெச்சதால வெளுத்தது.”

அப்போது கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளியபடி ஒரு பெண் அவர்களைக் கடந்து ஓடினாள்.

“பாருங்க, அந்தக் கைப்புள்ளயும் எங்கள முந்திட்டு” என்றார் ஹமீட். “அதுவும் தூங்கிக்கிட்டே.”

சிவானந்தன் சிரித்தார். சிரித்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

உடனே ஹமீட் நின்றார். “கொஞ்சம் பொறுங்க, அண்ணன். இந்த முழங்கால் புடிக்குது.”

“நில்லுங்கோ, நில்லுங்கோ. உங்களுக்காக எவ்வளவு நேரமும் நிப்பன்” என்ற சிவானந்தன், அருகிலிருந்த மரத்தில் கையை ஊன்றிக்கொண்டார்.

குளத்தருகே ஒருமுறை, சிலையருகே ஒருமுறை, பிறகு ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒருமுறை, ஹமீட் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ‘பாவம், இந்த மனிதர் எப்படி முடிக்கப் போகிறார்?’ என்று எண்ணியவாறே சிவானந்தன் ஒவ்வொரு முறையும் தம் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“அவ இருக்கச்செ ரெண்டு பேரும் காலிமுகத்திடல்ல நடப்போம்” என்றார் ஹமீட் திடீரென்று. “இப்பத் தனிய நடந்தா, கைய எங்க வெக்கிறண்டு வெளங்குதில்ல.”

ஆறுதல் கூறும் கலை சிவானந்தனுக்குக் கைவந்ததன்று. “கையைக் கட்டிக்கொண்டு நடவுங்கோ” என்றார். “என்ர மனுசி என்னை அப்பிடித்தான் நடக்க விடுறா.”

இம்முறை ஹமீட் வாய்விட்டுச் சிரித்தார்.

கடைசிச் சுற்றில், வெயில் ஏறத் தொடங்கிய வேளையில், ஹமீட் சட்டென்று, ஆட்கள் அமரும் ஒரு வாங்கின் அருகே நின்று சிவானந்தனின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“போதும், அண்ணன். இதோட திரும்புவோம். யாரு கேக்கப் போற?”

சிவானந்தன் அவர் வழியை மறித்து நின்றார். இவரை இங்கே விட்டுவிட்டால் மீண்டும் அந்த வீட்டுக்குள்தான் போய் அடைபடுவார்.

“அது ஏலாது” என்றார் கண்டிப்பாக. “தொடங்கினதை முடிக்கவேணும். இல்லையெண்டா இந்த வாங்கிலயே மத்தியானம்மட்டும் உங்களுக்குக் காவல் இருப்பன். பிறகு ரெண்டு பேரையும் தேடிக்கொண்டு பொலிஸ்தான் வரும்.”

“அப்ப மெல்லமா” என்று கூறி, ஹமீட் சிவானந்தனின் கையைப் பற்றிக்கொண்டார்.

தாங்கலுக்காகப் பிடிக்கிறார் என்று உணர்ந்த சிவானந்தன், மார்பை நிமிர்த்தி அந்தப் பாரத்தைப் பெருமையோடு ஏற்றுக்கொண்டார்.

முடிவுக் கோட்டில் எல்லோரும் காத்திருந்து கைதட்டினர். பின்தங்கியவரைக் கூட்டிக்கொண்டு வருபவரே இறுதியாகக் கோட்டைக் கடக்க வேண்டும் என்பது அந்த ஓட்டத்தின் ஒழுங்கு. கோட்டிற்கு ஓர் அடி முன்னதாகச் சிவானந்தன் நின்றார். ஹமீட்டும் நின்றார்.

“முன்னால போங்கோ, நானா.”

“இல்ல, நீங்க போங்க.”

“மரியாதைக்குச் சொல்லேல்ல. நீங்கள்தான் முதல்ல போகவேணும்.”

“நானும் மரியாதைக்குச் சொல்லல்ல, அண்ணன்.”

கைதட்டல் ஓய்ந்தது. இருவரும் அசையவில்லை. இத்தனை தூரம் வந்தபின் ஓர் அடியில் காரியம் கெட்டுவிடுமோ என்று சிவானந்தன் அஞ்சினார். வேறு வழியின்றி ஹமீட்டின் காதருகே குனிந்தார்.

“கோவிக்காதேங்கோ, நானா. உங்களைப் பத்திரமாக் கொண்டுவந்து சேர்க்கச் சொல்லி உஷாந்திதான் என்னை விட்டது. நீங்கள் தாண்டினால்தான் என்ர வேலை முடியும்.”

ஹமீட் மெதுவாகத் திரும்பி உஷாந்தியைப் பார்த்தார். அவள் எதையோ பொறுக்கும் பாவனையில் குனிந்துகொண்டாள்.

“இது நல்ல வேலதான்” என்றார் ஹமீட். “பைபாஸ் செஞ்ச பொறகு வீட்ட விட்டு எறங்கவே பயப்படுற ஒரு அண்ணன் வாரார், அவர் கோட்டத் தாண்டுற வரைக்கும் தனிய விட்டுராதீங்கண்டு எனக்குச் சொன்னதும் அந்தப் புள்ளதானே.”