பதினேழும் இருபத்திமூன்றும்

"மெசின் மறுகாலும் நிண்டுட்டு, சேர்!"

ஸைனுலாப்தீன் கம்ப்யூட்டர் முன் இருப்புக் கொள்ளாமல் எழும்பினான். மணி இரண்டே கால். நாலு மணி ஜீப்பில் நீர்ப்பங்கீட்டுப் பட்டியல் குளத்துக்குப் போகாவிட்டால், கடைசி ஒன்பது வாய்க்கால்களுக்கும் இந்தக் கிழமை தண்ணீரில்லை. எண்பத்தாறாம் ஆண்டுச் சிறுபோகம். பயிர், கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவம்.

"ஸ்டாக் அளவக் கூட்டோணும், சேர்."

"512 கிலோபைட்ட 1024 ஆக்கினாய். இன்னும் எவ்வளவுடா தம்பி?" என்றார் எஞ்சினியர் மசூர்.

"இந்த யுனிக்ஸ் மெசின் ஒரு வாய்க்கால்ர கணக்க அரைவாசியில மடிச்சு வச்சிட்டு, அதுக்குத் தண்ணி குடுக்கிற வாய்க்காலப் பாக்கும். மடிச்சு வைக்கிற இடம்தான் ஸ்டாக். அது நிரம்பிட்டு."

"இரிக்கிறதே நாப்பது வாய்க்கால். நாப்பது மடிப்புக்கு இடம் காணாதா?"

ஸைனுலாப்தீன் 2048 ஆக்கினான். மீண்டும் நின்றது.

ஒவ்வொரு படியையும் அச்சடிக்க விட்டான். 17, 23, 17, 23, 17...

எந்த வாய்க்கால் எதற்குத் தண்ணீர் கொடுக்கும் என்ற விபரத்தை எழுதித் தந்தவர், மதகு திறக்கும் வட்டவிதானை ஆதம்பாவா. பதினேழு அவருடைய வாய்க்கால். இருபத்திமூன்று சொறிக்கல்முனை விதானை பாக்கியராசாவுடையது. போன வருச முஸ்லிம்-தமிழ்க் கலவரத்துக்குப் பிறகு இருவருக்கும் கதையில்லை. ஒருவர் வந்தால் மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

விறாந்தையில் நின்ற ஆதம்பாவாவைப் பக்கத்து அறைக்குத் தனியே கூப்பிட்டான்.

"காக்கா, இருபத்திமூன்று பதினேழுக்குக் குடுக்குதாம். பதினேழு இருபத்திமூன்றுக்குக் குடுக்குதாம். மெசின் முடிவில்லாமச் சுத்துது. எது பொய்?"

ஆதம்பாவா கதவைச் சாத்தினார்.

"ரெண்டும் மெய்தான் தம்பி. எங்கட முறையில அரைநாள் அவருக்குத் திறப்பன். அவர்ர முறையில எனக்குத் திறப்பார்."

"அப்ப, முகத்தத் திருப்புறது?"

"ரெண்டு ஊரும் அறிஞ்சா மறிச்சிருவானுகள். கணக்குல பொய் எழுத ஏலாதே. மெசின்தானே வாசிக்கும் எண்டு நினைச்சன்."

ஸைனுலாப்தீன் அச்சடித்த தாளைக் கிழித்தான். இரண்டும் நேரே பெரிய வாய்க்காலில் தண்ணீர் எடுப்பதாக மாற்றி, ஸ்டாக்கைப் பழைய 512க்கே இறக்கினான். மூன்று நாற்பதுக்குப் பட்டியல் வந்தது.

"என்னடா பிழை?" என்றார் மசூர்.

"என்ட பிழைதான் சேர்," முந்திக்கொண்டார் ஆதம்பாவா. "வயசு போயிட்டு. ரெண்டு வரிய மாறி எழுதிட்டன்."

"இவ்வளவு நேரத்தையும் வீணாக்கினயளே!"

தலைகுனிந்து ஏச்சு வாங்கிக்கொண்டு அவர் வெளியே போனார். படியில் பாக்கியராசா ஏறி வந்துகொண்டிருந்தார்.

இருவரும், பிசகாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.